பாஸ்தாவுக்குச் சுண்டுக் கணக்கு சரிவருமா? தராசு இல்லாத வீட்டுக்கு ஒரு வழி வேண்டும்

முல்லைக்கொடி (ஒட்டுசுட்டான்)
ஞாயிறு, மாலை 5.10

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஐந்து பேர். நான், இவர், மாமி, 10 வயது மகள், 6 வயது மகன். சோறு என்றால் எனக்கு எந்தக் குழப்பமும் இல்லை. மத்தியானத்துக்கு ரின்பால் பேணியால் இரண்டு சுண்டு, அதாவது இரண்டு பேணி, அரிசி போட்டால் எல்லோருக்கும் காணும். அம்மாவிடம் பழகிய கை அது.

பிள்ளைகள் இப்போது கிழமையில் ஒரு நாளாவது பாஸ்தா கேட்கிறார்கள். வெளிநாட்டில் இருந்து வந்த சொந்தக்காரர் நாலைந்து பைக்கற் தந்துவிட்டுப் போனதில் தொடங்கிய பழக்கம். முதல் தடவை குழாய் மாதிரிச் சரிவாக வெட்டிய வகையைச் சமைத்தேன். அரிசி போலத்தானே என்று அதே பேணியால் இரண்டு சுண்டு அளந்து போட்டேன். ஒருவருக்கும் காணவில்லை. இவர் வயலால் வந்த களைப்போடு, இருந்ததைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுப் பாணைச் சாப்பிட்டுப் படுத்தார். எனக்கு அன்றிரவு நித்திரையே வரவில்லை.

அடுத்தது ஸ்பகெற்றி. அன்றைக்கு வீட்டில் இரண்டே பேர். ஒரு ஆளுக்கு ஐந்து ரூபாய்க் குற்றியின் அகலத்துக்குக் கட்டாகப் பிடிக்க வேண்டும் என்று யாரோ சொல்லிக் கேட்டிருந்தேன். இரண்டு பேருக்கு அதைப் போல இரண்டு மடங்கு தடிப்பாகப் பிடித்துப் போட்டேன். சட்டி நிறைந்துவிட்டது. பாதிக்கு மேல் மிஞ்சி, விடியப் பார்த்தால் புளித்த வாசம். கோழிகளுக்குக் கொட்டினேன். ஒரு பைக்கற் விற்கும் விலைக்கு இது எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொன்றும் இருக்கிறது. மாமிக்குச் சலரோகம். மாச்சாப்பாட்டை அளந்து சாப்பிடச் சொல்லி கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். சோற்றுக்கு அளவு தெரியும். இதற்குத் தெரியாது.

சமையல் தராசு வாங்கும் எண்ணம் இப்போதைக்கு இல்லை. வீட்டில் இருக்கும் சாமானை வைத்து அளக்க என்ன வழி?

பாலைப்பழம் (கிளிநொச்சி)
ஞாயிறு, மாலை 5.48

தங்கச்சி, சுண்டு எங்களைக் கைவிட்ட அளவை இல்லை. 2009இல் செட்டிகுளத்து முகாமில் கூடாரத்துக்குக் கூடாரம் கடன் கொடுத்து வாங்கியதெல்லாம் ஒரு நெளிந்த ரின்பால் பேணியால்தான். மாவா, பருப்பா, சீனியா, எல்லாவற்றுக்கும் அந்த ஒரு பேணி. ஒருவரும் ஏமாறவில்லை. அதனால் பேணியை எறிந்துவிடாதீர்கள்.

என் வீட்டில் சின்ன மக்கறோனி என்றால் பெரிய ஆளுக்கு இரண்டு கைப்பிடி, பிள்ளைக்கு ஒன்றரை. கை நிறைய, விரல் மூடாமல். என் கைக்கு அது சரியாக வருகிறது. உங்கள் கை எப்படி என்று நீங்கள்தான் ஒரு தடவை பார்க்க வேண்டும்.

கணக்கு வாத்தியார் (மாங்குளம்)
ஞாயிறு, இரவு 7.20

பிள்ளை, உங்களுக்கு நடந்த இரண்டு பிழைக்கும் இரண்டு வேறு காரணம். தனித்தனியாகச் சொல்கிறேன்.

முதலாவது, சுண்டு அளப்பது இடத்தை. நிறையை அல்ல. என் வீட்டு ரின்பால் பேணியில் தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன், 300 மில்லிலீற்றர் பிடிக்கிறது. அதில் அரிசியைத் தலைதட்டி அளந்தால் ஏறக்குறைய 240 கிராம். அதனால்தான் நாலு சுண்டு ஒரு கொத்து, கொத்து கிட்டத்தட்ட ஒரு கிலோ என்று ஊரில் கணக்கு ஓடுகிறது. அரிசி மணி ஒன்றோடொன்று நெருங்கிப் படுக்கும். பாஸ்தா அப்படிப் படுக்காது. குழாய்க்குள்ளும் காற்று, குழாய்க்கும் குழாய்க்கும் நடுவிலும் காற்று. அதே பேணியில் குழாய் வகை 105 கிராம் அளவில்தான் வரும். முறுக்கு மாதிரிச் சுருண்டதும் அவ்வளவே. வண்ணத்துப்பூச்சி மாதிரி இருப்பது இன்னும் குறைவு, 95 கிராம் வரும். சின்ன வளைந்த மக்கறோனி நெருங்கி விழுவதால் 140 வரை போகும்.

நீங்கள் போட்ட இரண்டு சுண்டு 210 கிராம். ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 42 கிராம். எப்படிக் காணும்? இரண்டு சுண்டு அரிசி என்றால் 480 கிராம் எல்லோ.

இரண்டாவது, ஸ்பகெற்றிக் கட்டு. ஐந்து ரூபாய்க் குற்றிக் கணக்கைச் சொன்னவர் பிழையாகச் சொல்லவில்லை. இரண்டரை சென்ரிமீற்றருக்குச் சற்றுக் குறைந்த அந்த அகலத்துக்குக் கட்டு பிடித்தால் 100 கிராமுக்குக் கொஞ்சம் மேலே வரும். நல்ல பசிக்கு ஒரு ஆள் அளவு. ஆனால் அகலத்தை இரண்டு மடங்காக்கினால் கட்டின் முகப்பரப்பு நாலு மடங்காகும். நீங்கள் இரண்டு பேருக்கு என்று நாலு பேர் சாப்பாட்டை அவித்திருக்கிறீர்கள். இரண்டு பேருக்கு அகலம் 1.4 மடங்கு போதும். மூன்று பேருக்கு 1.7 மடங்கு. இதை அடுப்படியில் நின்று கண்ணால் மதிப்பிட முடியாது. ஆகவே ஒரு ஆள் கட்டை ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிப் போடுங்கள். தடிப்பை மாற்றாதீர்கள்.

இதே விசயத்தைப் பத்தாம் வகுப்பில் வட்டப் பரப்பு படிப்பிக்கும்போது ஸ்பகெற்றியை வைத்துக் காட்டலாம் என்று இப்போது தோன்றுகிறது.

பழைய குசினிக்காரன் (கிளிநொச்சி)
ஞாயிறு, இரவு 8.05

நான் இத்தாலியில் பலெர்மோவில் 12 வருடம் சாப்பாட்டுக் கடைக் குசினிகளில் நின்றவன். அங்கே எங்கள் ஆட்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊர் திரும்பி இப்போது தோட்டம் செய்கிறேன்.

அங்கே வீட்டுக் கணக்கு, அவிக்க முதல் காய்ந்த நிலையில் ஒரு ஆளுக்கு 80 கிராம். அந்த நாட்டுச் சத்துணவு வழிகாட்டியிலும் ஒரு பங்கு என்றால் 80தான். பாஸ்தா மட்டுமே சாப்பாடு என்றால் 100. சூப்புக்குள் போடுவதென்றால் அதில் பாதி. அமெரிக்காவில் இருந்து வரும் பைக்கற்றின் பின்பக்கம் பார்த்தால் ஒரு பங்கு 56 கிராம் என்று இருக்கும். அது அவர்களுடைய இரண்டு அவுன்ஸ். அதைப் பார்த்துச் சமைத்தால் எங்கள் வீடுகளில் பட்டினிதான் கிடக்க வேண்டும்.

எப்போதும் காய்ந்த நிறையைத்தான் பேச வேண்டும். அவித்த பிறகு தண்ணீர் குடித்து இரண்டு மடங்கு, சில வேளை கொஞ்சம் மேலே போகும். எவ்வளவு நேரம் அவிக்கிறோம் என்பதைப் பொறுத்து அது மாறும். ஆகவே அவித்ததை நிறுத்துக் கணக்குப் பார்த்தால் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு விடை வரும்.

அப்புறம் ஸ்பகெற்றிக்கு ஒரு சுலபமான வழி. சோடா, கோலா வரும் பிளாஸ்ரிக் போத்தல் ஒன்றை எடுங்கள். அதன் வாய்க்குள் ஸ்பகெற்றியை நிறுத்தி, இனிமேல் போகாது என்ற அளவுக்கு நிரப்புங்கள். அது 100 கிராமுக்குக் கிட்ட வரும். தண்ணீர்ப் போத்தலை எடுக்காதீர்கள், அதில் வாய் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு. சோடாப் போத்தல் வாய் பெரும்பாலும் ஒரே அளவு. ஒன்றின் மூடி இன்னொன்றுக்குப் பொருந்துவது அதனால்தான். கழுத்தோடு வெட்டி ஒரு வளையமாக வைத்துக்கொண்டால் கை படாமல் அளக்கலாம்.

ஸ்பகெற்றி கிளறும் கரண்டியின் நடுவில் இருக்கும் ஓட்டை ஒரு ஆள் அளவு என்று சொல்வார்கள். நான் பாவித்த கரண்டிகளில் ஓட்டை கரண்டிக்குக் கரண்டி வேறு. அதை நம்பி இறங்க வேண்டாம்.

குளத்தடி (மல்லாவி)
ஞாயிறு, இரவு 8.31

அண்ணை, 80 கிராம் என்பது கதிரையில் இருந்து வேலை செய்பவருக்குச் சரி. விடிய நாலு மணிக்கு வயலுக்கு இறங்கி, வாய்க்காலில் தண்ணீர் மறித்து, வரம்பு கட்டிவிட்டு வருபவனுக்கு 80 எந்த மூலைக்கு? அந்தத் தங்கச்சியின் வீட்டுக்காரரும் வயல்காரர் என்றுதான் எழுதியிருக்கிறா. அவருக்கு இந்தக் கணக்கைக் கொடுத்தால் திரும்பவும் பாண்தான் சாப்பிட வேண்டி வரும்.

பழைய குசினிக்காரன் (கிளிநொச்சி)
ஞாயிறு, இரவு 8.50

தம்பி சொல்வது நியாயம். நான் நிறுவையைச் சொன்னேன், ஆளைக் கேட்கவில்லை.

இப்படிப் பாருங்கள். அரிசியும் காய்ந்த பாஸ்தாவும் நிறைக்கு நிறை கிட்டத்தட்ட ஒரே சக்தி. 100 கிராமில் 350 கலோரிக்குச் சற்று மேலே, இரண்டிலும். பாஸ்தாவில் புரதம் கூட, 12 கிராம் அளவில் இருக்கும். அரிசியில் 7 அளவில். ஆகவே உங்களுக்கு ஒரு நேரத்துக்கு அரைச் சுண்டு அரிசிச் சோறு பழக்கம் என்றால் அது 120 கிராம். பாஸ்தாவும் 120 கிராம் எடுங்கள். புதிதாக ஒன்றும் படிக்கத் தேவையில்லை, சோற்றுக் கணக்கையே நிறையாக மாற்றினால் சரி.

ஆனால் கோப்பையில் குறைவாகத் தெரியும். 100 கிராம் அரிசி சோறாகி 280 கிராம் அளவுக்கு வரும், பாஸ்தா 220 அளவில் நிற்கும். கண்ணுக்குக் காணாது என்று தோன்றும். அந்த இடத்தைப் பூசணி, கத்தரி, முருங்கையிலை, ரின்மீன் என்று கறியால் நிரப்புங்கள். நான் இங்கே வந்த பிறகு முருங்கையிலையும் உள்ளியும் போட்டுச் செய்வது பலெர்மோவில் செய்ததை விட எனக்குப் பிடித்திருக்கிறது.

குளத்தடி (மல்லாவி)
ஞாயிறு, இரவு 8.58

இது விளங்குகிறது. அரைச் சுண்டுச் சோறு சாப்பிடுபவனுக்கு 120. சரி அண்ணை.

கைபேசிக்காரன் (வவுனியா)
ஞாயிறு, இரவு 9.15

போனில் நிறை பார்க்கும் செயலி இருக்கிறதாமே, அதைப் போட்டால் முடியாதா?

கணக்கு வாத்தியார் (மாங்குளம்)
ஞாயிறு, இரவு 9.22

தம்பி, நாங்கள் பாவிக்கும் போனுக்குள் நிறையை உணரும் பாகம் இல்லை. திரையில் ஒரு எண் வரும், அது நிறை அல்ல. விட்டுவிடுங்கள்.

சந்திக்கடை (புதுக்குடியிருப்பு)
திங்கள், காலை 6.40

நான் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். உங்கள் வீட்டில் தராசு இல்லாவிட்டாலும் உங்கள் சந்தியில் இருக்கிறது.

அக்கா, நீங்கள் அளக்கும் பேணியையும் ஒரு பாஸ்தாப் பைக்கற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் பக்கத்துக் கடைக்குப் போங்கள். சனம் குறைந்த நேரமாக, பதினொரு மணிக்குப் போல போனால் நல்லது. வெறும் பேணியைத் தராசில் வைத்து நிறையைப் பூச்சியத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள். பிறகு பாஸ்தாவை 100 கிராம் காட்டும் வரை போடச் சொல்லுங்கள். எந்த உயரத்தில் நிற்கிறதோ அந்த இடத்தில் ஆணியால் ஒரு கீறல். அவ்வளவுதான். ஒரு தடவை செய்தால் அந்தப் பேணி உள்ளவரைக்கும் அளவு உங்களிடம் இருக்கும். எங்கள் கடைக்கு ஒரு அம்மா பேரப்பிள்ளையின் மாப்பால் கரண்டியை நிறுக்கக் கொண்டு வந்தா. இதற்கெல்லாம் யாரும் காசு கேட்க மாட்டார்கள்.

கீறலின் பக்கத்தில் எந்த வகைக்கு என்று எழுதுங்கள். குழாய்க்குக் கீறியதை மக்கறோனிக்குப் பார்த்தால் திரும்பவும் பிழைக்கும்.

பாலைப்பழம் (கிளிநொச்சி)
திங்கள், காலை 7.05

தம்பி சொன்னது எனக்கு ஏன் இவ்வளவு நாளும் தோன்றவில்லை! நான் இன்றைக்கே என் கைப்பிடியைக் கொண்டுபோய் நிறுக்கப் போகிறேன்.

நந்திக்கடல் காற்று (முள்ளியவளை)
திங்கள், காலை 9.30

கடைக்குப் போக வசதி இல்லாத இடங்களும் வன்னியில் இருக்கின்றன. எங்கள் உறவினர் காட்டுக்கரைக் குடியேற்றத்தில் இருக்கிறார்கள், கடைக்கு ஐந்து கிலோமீற்றர். அப்படிப்பட்ட வீட்டுக்குச் சிரட்டைத் தராசைச் சொல்கிறேன். என் அப்பா விதை மிளகாய் நிறுக்கக் கட்டியதைப் பார்த்து நான் பழகியது.

ஒரு முழ நீளத்தில் நேரான தடி. சரியாக நடுவில் கயிறு கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு நுனியிலும் ஒரே அளவான சிரட்டை, மூன்று துளையிட்டு நூல் கட்டித் தொங்க வேண்டும். வெறுமையாகத் தொங்கும்போது தடி மட்டமாக நிற்கிறதா என்று முதலில் பாருங்கள். ஒரு பக்கம் தாழ்ந்தால் மற்றச் சிரட்டைக்குள் கொஞ்சம் மணல் போட்டுச் சமப்படுத்துங்கள். இந்த வேலையைச் செய்யாமல் விட்டால் பிறகு அளப்பதெல்லாம் பிழை.

படிக்கல் வேண்டாம், தண்ணீர் காணும். 100 மில்லிலீற்றர் தண்ணீர் 100 கிராம். பிள்ளையின் பால் போத்தலில் மில்லிலீற்றர்க் கோடு இருக்கும், அதில் 100 அளந்து ஒரு சின்னப் பொலித்தீன் பைக்குள் ஊற்றி முடிந்து ஒரு சிரட்டையில் வையுங்கள். மற்றதில் பாஸ்தாவைப் போடுங்கள். குழாய் வகை ஒரு சிரட்டைக்குள் அடங்காது, அதையும் பையில் போட்டுத் தொங்கவிடலாம். தடி மட்டத்துக்கு வந்தால் 100 கிராம்.

ஈச்சம்பற்றை (பரந்தன்)
திங்கள், காலை 10.12

தண்ணீருக்குப் பதிலாக ஒரு றாத்தல் பாணை வைத்தால் என்ன? 450 கிராம் எல்லோ.

நந்திக்கடல் காற்று (முள்ளியவளை)
திங்கள், காலை 10.40

பாண் 450 இருக்க வேண்டும் என்பது சட்டம். கையில் கிடைக்கும் பாண் எவ்வளவு என்பது வேறு விசயம் அக்கா. நான் ஒரு தடவை நிறுத்த பாண் நன்றாகக் குறைந்து இருந்தது. விடியக்காலைப் பாண் பின்னேரம் காய்ந்தும் நிறை இழக்கும். தண்ணீர்தான் எங்கேயும் ஒரே கணக்கு.

சிவத்தப்பச்சை (வவுனியா)
திங்கள், பகல் 1.15

முல்லைக்கொடி தங்கச்சியின் மாமிக்காக எழுதுகிறேன். எனக்குச் சலரோகம் 15 வருடமாக இருக்கிறது. நான் பாஸ்தாவை விடவில்லை, அளந்து சாப்பிடுகிறேன்.

காய்ந்த பாஸ்தா 60 கிராமில் மாச்சத்து 45 கிராமுக்குள் நிற்கும். எனக்குக் கிளினிக்கில் ஒரு நேரத்துக்குச் சொன்ன அளவுக்கு அது பொருந்துகிறது. உங்கள் மாமிக்குச் சொன்ன அளவு வேறாக இருக்கலாம், அடுத்த கிளினிக்குக்குப் போகும்போது இந்தக் கணக்கைக் கொண்டுபோய்க் காட்டிக் கேளுங்கள். குளிசை, ஊசி பாவிப்பவர்கள் சாப்பாட்டைத் தாங்களாகக் குறைப்பதும் கூடாது, சீனி ஒரேயடியாக இறங்கிவிடும்.

எல்லோருக்கும் ஒரே சட்டியில் அவிக்கும்போது மாமியின் பங்கைப் பிரிப்பதுதான் சிக்கல். நான் செய்வது இதுதான். குழாய் வகை என்றால் அவித்து வடித்த பிறகு அதே ரின்பால் பேணியால், அமத்தாமல், ஒரு சுண்டு. அது காய்ந்ததில் 60 கிராமுக்குக் கிட்ட வரும். கோப்பையில் காற்பங்குக்கு அந்தப் பாஸ்தா, காற்பங்குக்கு மீனோ முட்டையோ கடலையோ, மிச்சப் பாதிக்கு மரக்கறி. கோப்பை சாதாரண அளவாக இருக்க வேண்டும். கலியாண வீட்டுக் கோப்பைக்கு இந்தக் கணக்குப் பொருந்தாது.

குழைய விடாதீர்கள். கடித்தால் நடுவில் கொஞ்சம் உறுதி தெரிய வேண்டும். அப்படி இறக்கியது மெதுவாகச் சமிக்கும், சீனியும் மெதுவாக ஏறும். குழைந்துபோனது அப்படி இல்லை. என் மெசினில் இரண்டையும் குத்திப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

முல்லைக்கொடி (ஒட்டுசுட்டான்)
திங்கள், பகல் 2.02

சிவத்தப்பச்சை அக்கா, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மாமி எங்களோடு இருந்து சாப்பிட வேண்டும், தனக்கு வேண்டாம் என்று ஒதுங்கக்கூடாது. இதற்காகத்தான் நான் இந்தக் கேள்வியையே கேட்டேன்.

வாத்தியார் சேர், ஒரு சந்தேகம். மெல்லிய ஸ்பகெற்றி, தடித்த ஸ்பகெற்றி என்று இருக்கிறதே. போத்தல் வாய் இரண்டுக்கும் ஒரே அளவைக் காட்டுமா?

கணக்கு வாத்தியார் (மாங்குளம்)
திங்கள், பின்னேரம் 3.30

நல்ல கேள்வி. மெல்லியது என்றால் இழைகள் கூட நுழையும், ஒவ்வொன்றும் நிறை குறைவு. தடித்தது என்றால் இழை குறைவு, ஒவ்வொன்றும் நிறை கூட. வாய் நிரம்பிய பிறகு மொத்த நிறை பெரிதாக மாறாது. நீளம்தான் மாறக்கூடாது. கடையில் வருவது பெரும்பாலும் 25 சென்ரிமீற்றருக்குச் சற்று மேலே. நுனி முறிந்து குட்டையானவற்றை இந்த முறையில் அளக்காதீர்கள்.

உயர்தர மாணவி (கிளிநொச்சி)
திங்கள், மாலை 6.15

வணக்கம் சேர், அக்காமார். இதை வாசித்துவிட்டு நான் செய்து பார்த்தேன். சோடாப் போத்தல் வாய்க்குள் நிரப்பி வெளியே எடுத்து எண்ணினேன். 108 இழை வந்தது. எங்கள் பாடசாலைத் தராசில் 20 இழையை நிறுத்தேன். 18 கிராம். அப்படியென்றால் ஒரு இழை 0.9 கிராம், 108 இழை 97 கிராம். குசினிக்காரன் மாமா சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

பிறகு ஒரு புது 500 கிராம் பைக்கற்றை உடைத்து அதே வாயால் அளந்தேன். ஐந்து தடவை நிரம்பியது, ஒரு சின்னப் பிடி மிஞ்சியது. நான் இறுக்கிச் செருகவில்லை. இறுக்கிச் செருகினால் மிஞ்சாது என்று நினைக்கிறேன். அளப்பவர் ஒருவராகவே இருந்தால் நல்லது, என் தம்பி அளந்தபோது கட்டுக்குக் கட்டு மாறியது.

பழைய குசினிக்காரன் (கிளிநொச்சி)
திங்கள், மாலை 6.44

பிள்ளை, மிகவும் நன்றாகச் செய்திருக்கிறாய். எனக்கு 12 வருடத்தில் ஒரு நாளும் எண்ணிப் பார்க்கத் தோன்றவில்லை.

நீ பைக்கற்றை உடைத்துப் பிரித்ததில் இருந்து இன்னொன்றும் சொல்லலாம். பைக்கற்றில் நிறை அச்சடித்திருக்கிறது. அதுவே ஒரு படிக்கல். வாங்கி வந்த அன்றைக்கே உடைத்து, ஐந்து கட்டாகப் பிரித்து றப்பர் வளையம் போட்டு வைத்துவிட்டால் பிறகு சமைக்கும் நேரத்தில் அளவே தேவையில்லை, கட்டை எண்ணிப் போடலாம். சின்ன வகைகளைச் சுளகில் பரப்பி ஐந்து குவியலாக்கி, கடலைச் சரை மாதிரிக் கடதாசியில் சுற்றலாம். ஈரக் காற்றுப் படாமல் மூடியுள்ள ரின்னுக்குள் வையுங்கள், மாரி காலத்தில் பூச்சி வரும்.

ஈச்சம்பற்றை (பரந்தன்)
திங்கள், இரவு 7.30

தண்ணீர் எவ்வளவு வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. நாங்கள் குடிதண்ணீரைக் காசுக்கு வாங்குகிறோம்.

பழைய குசினிக்காரன் (கிளிநொச்சி)
திங்கள், இரவு 7.52

இத்தாலியில் 100 கிராமுக்கு ஒரு லீற்றர், 10 கிராம் உப்பு. இங்கே அதில் பாதித் தண்ணீரில் செய்கிறேன். போட்டவுடன் இரண்டு நிமிடம் விடாமல் கிளறினால் ஒட்டாது. வடிக்கும் தண்ணீரில் ஒரு அகப்பை எடுத்துக் குழம்புக்குள் விடுங்கள், பிடிப்பாக வரும். பிரசர் உள்ளவர்கள் உப்பைக் குறையுங்கள்.

சிவத்தப்பச்சை (வவுனியா)
திங்கள், இரவு 8.10

மிஞ்சியதைப் பற்றியும் ஒரு சொல். எங்கள் வெக்கைக்கு அவித்த பாஸ்தாவை இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் வெளியே வைக்கக் கூடாது. சோற்றில் வளரும் அதே கிருமி இதிலும் வளரும், திரும்பச் சூடாக்கினாலும் அது விட்ட நஞ்சு போகாது. சோற்றுக்குத் தண்ணீர் ஊற்றிப் பழஞ்சோறாக வைக்கும் பழக்கத்தை இதற்குக் கொண்டு வராதீர்கள். குளிர்சாதனப் பெட்டி இல்லாத வீட்டில் அளந்து சமைப்பதைத் தவிர வேறு வழி இல்லை. புளித்ததை முல்லைக்கொடி வீட்டில் ஒருவருக்கும் கொடுக்காமல் விட்டது சரியான முடிவு.

முல்லைக்கொடி (ஒட்டுசுட்டான்)
வியாழன், இரவு 9.05

எல்லோருக்கும் செய்து பார்த்துவிட்டுத்தான் எழுத வேண்டும் என்று மூன்று நாள் பொறுத்தேன்.

செவ்வாய்க்கிழமை பதினொரு மணிக்குச் சந்திக் கடைக்குப் போனேன். கடைக்கார அண்ணை முதலில் என்ன ஏது என்று கேட்டார், பிறகு அவரே ஆர்வமாகி ஒவ்வொன்றாகப் போட்டு நிறுத்துத் தந்தார். என் பேணியில் குழாய் வகை தலைதட்டினால் 103 கிராம். வாத்தியார் சேர் சொன்னதற்கு இரண்டு கிராம்தான் வித்தியாசம். ஆகவே அதற்குக் கீறலே தேவைப்படவில்லை, ஒரு சுண்டு என்றால் 100 என்றே வைத்துக்கொண்டேன். மக்கறோனிக்கு 100 கிராம் பேணியின் முக்கால் உயரத்துக்குச் சற்றுக் கீழே நின்றது. அந்த இடத்தில் ஆணியால் கீறி 'ம' என்று எழுதியிருக்கிறேன்.

எங்கள் வீட்டுக் கணக்கை இப்படிப் போட்டேன். இவருக்கு 110, எனக்கு 80, மாமிக்கு 60, மகளுக்கு 60, மகனுக்கு 40. மொத்தம் 350 கிராம். குழாய் என்றால் மூன்றரைச் சுண்டு. ஸ்பகெற்றி என்றால் மூன்றரைப் போத்தல் வாய். மக்கறோனி என்றால் 'ம' கீறல் வரை மூன்றரைத் தடவை, முழுப் பேணியாக அளந்தால் இரண்டரைச் சுண்டு. பேணிக்குள் ஒட்டி வைக்க முடியாததால் குசினிக் கதவின் உள்பக்கத்தில் சோக்கால் எழுதிவிட்டேன்.

நேற்று இரவு குழாய் வகை, முருங்கையிலையும் ரின்மீனும் போட்டு. பிள்ளைகள் கோப்பையை வழித்துவிட்டார்கள். இவர் இன்னும் கொஞ்சம் இருக்கிறதா என்று கேட்டார், சட்டியில் ஒரு அகப்பை இருந்தது, கொடுத்தேன். அதோடு முடிந்தது. கோழிகளுக்கு ஒன்றும் இல்லை.

மாமிக்கு அவித்த பிறகு ஒரு சுண்டு, அமத்தாமல். எங்களோடு இருந்து சாப்பிட்டா. இரண்டு மணித்தியாலம் கழித்துச் சீனி பார்த்தோம், வழக்கமாகச் சோறு சாப்பிட்ட பிறகு வரும் அளவுதான். கிளினிக் அடுத்த புதன்கிழமை. கதவில் எழுதியதை ஒரு கொப்பித் தாளில் எடுத்து மாமியின் கிளினிக் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறேன்.

இவருக்கு இனி 110ஐ 120 ஆக்க வேண்டும். குளத்தடி அண்ணை சொன்னது அவருக்குச் சரியாகப் பொருந்துகிறது.

பாலைப்பழம் (கிளிநொச்சி)
வியாழன், இரவு 9.30

என் கைப்பிடியும் நிறுத்தாயிற்று. மக்கறோனி ஒரு பிடி 38 கிராம். இரண்டு பிடி 76. இவ்வளவு நாளும் பிழை விடவில்லை என்று தெரிந்ததில் பெரிய ஆறுதல். மகள் அளந்தால் ஒரு பிடி 29 கிராம்தான் வருகிறது, அவளுக்குப் பேணியைக் கொடுத்துவிட்டேன்.